வயிற்றை உள்ளே இழு

அந்த ஜிம்மில் ஆறு பெல்ட்டுகள் இருந்தன. வாசலுக்கு இடப்பக்கச் சுவரில் வரிசையாக ஆணியடித்து மாட்டியிருக்கும். கையகலத் தோல், இரும்புக் கொக்கி, பத்துத் துளை. அவற்றைத் துடைத்து வைப்பது, வியர்வை காய ஃபேனுக்கு நேரே போடுவது, வருகிறவர் இடுப்பைப் பார்த்தே எது பொருந்தும் என்று எடுத்துக் கொடுப்பது, மறக்காமல் திருப்பி வாங்கி மாட்டுவது எல்லாம் பெல்ட்டண்ணன் வேலை. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கிறது. அந்தப் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்.

அவர் எடை தூக்குவதில்லை. பத்து கிலோ தட்டு ஒன்றை யாராவது தரையில் போட்டுவிட்டுப் போனால்கூட அதை எடுக்க ஒரு திட்டம் போட வேண்டியிருக்கும். முதலில் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் ஒரு காலைப் பின்னால் வைப்பார். அப்புறம் முதுகை வளைக்காமல் முழங்காலை மட்டும் மடக்கி இறங்குவார். தட்டோடு மேலே வரும்போது முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார். எல்லாம் பழக்கம்தான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அதே இடத்தில் அவரைவிட அதிகம் தூக்கியவர் கிடையாது. ஜிம்மை நடத்தும் மாஸ்டரிடம் முதலில் சேர்ந்தவர் அவர். பிறகு மாஸ்டரின் தங்கையையே கட்டிக்கொண்டார். அதனால் 'டேய்' போய் 'மாப்பிள்ளை, வாங்க' வந்தது. எடைக் கம்பியில் கை வைத்துவிட்டால் மட்டும் பழைய 'டேய்' திரும்பிவிடும். அதில் இவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. கம்பிக்கு முன்னால் என்ன மாப்பிள்ளை, என்ன மச்சான்.

ஒரு பெரிய தொழிற்சாலை தன் விளையாட்டு அணிக்கு ஆள் எடுத்தது. தேர்வாகிவிட்டால் வேலை நிச்சயம். தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தரையிலிருந்து இருநூற்றுப் பத்து கிலோ. மாஸ்டரே பெல்ட்டைக் கட்டிவிட்டார். இவர் இடுப்பில் தன் முழங்காலை முட்டுக்கொடுத்து, மூச்சுவிட இடமில்லாமல் இழுத்துக் கட்டினார். "வயித்தை உள்ள இழுடா! முதுகோட ஒட்டணும்! இன்னும் இழு!" என்று காதோரம் நின்று கத்தினார். கம்பி முழங்கால் வரை வந்தது. அப்போது இடுப்புக்குள் ஏதோ ஒன்று நழுவியது. வலிகூட உடனே வரவில்லை. கால் இருக்கிறதா இல்லையா என்றுதான் முதலில் சந்தேகம் வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாஸ்டர் தன் தங்கையிடம் சொன்னது இவ்வளவுதான்: "சொன்ன பேச்சைக் கேட்கலம்மா. உள்ள இழு, உள்ள இழுன்னு தொண்டை கிழியக் கத்தினேன். காதுலயே வாங்கல."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். வயிற்றை உள்ளே இழுத்து, பெல்ட்டை இறுக்கிக் கட்டியவனுக்கு முதுகு போகாது என்பது அவருக்கு அவருடைய மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது. முதுகு போய்விட்டது. ஆகவே இவன் இழுக்கவில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கட்டிலில் கிடந்தவருக்கோ, தான் இழுத்ததாகத்தான் ஞாபகம். ஆனால் சுற்றியிருக்கிற அத்தனை பேரும் ஒரே மாதிரி சொல்லும்போது, ஒருத்தனுடைய ஞாபகம் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? மூன்றாம் மாதம், இழுத்தேனோ என்னவோ என்று ஆனது. மூன்றாம் வருடம், "எங்க இழுத்தேன்? வயசுத் திமிர், எல்லாம் தெரியும்னு நினைப்பு" என்று அவரே சிரித்தபடி சொல்ல ஆரம்பித்துவிட்டார். கேட்பவர்களும் சிரிப்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். அவருக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது.

மனைவி சும்மா விடவில்லை. அவளுக்கு ஆயத்த ஆடைக் கம்பெனியில் துணி வெட்டும் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடிதான். வீடு இரண்டாவது மாடியில். குடிக்கிற தண்ணீர் கீழே தெருக்குழாயில் மட்டும் சாயங்காலம் ஒரு மணி நேரம் வரும். வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் குழாய் இரைய ஆரம்பித்துவிடும். இருபது லிட்டர் கேன் நாலு. அவள்தான் தூக்குவாள், வேறு யார் தூக்குவது? ஒவ்வொரு கேனோடும் திட்டு மேலே ஏறி வரும். "சொன்ன பேச்சைக் கேட்டிருந்தா எனக்கு இந்தத் தலையெழுத்து உண்டா?" என்று கீழ்ப்படியில் தொடங்குவாள். "பெரிய பயில்வான்! காது மட்டும் செவிடு!" என்பது முதல் மாடி தாண்டும்போது வரும். மேலே வந்து கேனை இறக்கும்போது அண்ணன் புராணம் ஆரம்பமாகும். அண்ணன் எப்படிக் கத்தினார், அண்ணன் எப்படி ஆஸ்பத்திரியில் காவலிருந்தார், அண்ணன் இல்லாவிட்டால் இன்றைக்கு ஜிம்மில் உட்கார ஒரு ஸ்டூல் கிடைத்திருக்குமா. நாலு கேனுக்கு நாலு தடவை. பெல்ட்டண்ணன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். அவரால் முடிந்த உதவி அது ஒன்றுதான்.

இப்படியே போயிருக்கும். டாக்டரம்மா வந்ததில்தான் எல்லாம் கலைந்தது.

அவர் பிசியோதெரபி டாக்டர். யாரும் அழைக்காமல் தானாக வந்தவர். இரண்டு மாதத்தில் ஒரே ஜிம்மிலிருந்து நாலு முதுகு அவருடைய கிளினிக்குக்கு வந்து படுத்துவிட்டன. மாஸ்டருக்கு போன் போட்டு, "உங்க ஆளுங்ககிட்ட ஒரு மணி நேரம் பேசலாமா?" என்று கேட்டார். மாஸ்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பெஞ்சுகளை ஓரம் கட்டி, இருபத்தைந்து பேரைத் தரையில் உட்காரவைத்து, இருப்பதிலேயே ஆடாத நாற்காலியை டாக்டரம்மாவுக்குப் போட்டார். பெல்ட்டண்ணன் சுவரோரம் நின்று துணியால் பெல்ட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெல்ட் போட்டுக் காட்ட யாராவது வாங்க என்றதும், மாஸ்டரே எழுந்தார். இறுக்கிக் கட்டினார். நெஞ்சை நிமிர்த்தி, வயிற்றை உள்ளே இழுத்து, படத்துக்கு நிற்பது மாதிரி நின்றார். டாக்டரம்மா பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டார். விரல் தாராளமாகப் போய் வந்தது.

"பாத்தீங்களா? வயிறு ஒரு பக்கம், பெல்ட் ஒரு பக்கம்" என்றார். "பெல்ட் முதுகைத் தாங்கிப் பிடிக்கும்னு நினைக்கிறோம். அப்படி இல்லைங்க. வயிறு முட்டிக்கிறதுக்கு அது ஒரு சுவர், அவ்வளவுதான். மூச்சை அடிவயித்துக்கு இழுத்து, முன்னாடி, பக்கத்துல, பின்னாடி, சுத்திலும் பெல்ட்டை வெளிய தள்ளணும். அந்த அழுத்தம்தான் முதுகெலும்புக்கு முட்டு. அதுக்கு உள்ள கொஞ்சம் இடம் இருக்கிற மாதிரி கட்டணும். ரொம்ப கனமா தூக்கும்போது மட்டும் போட்டா போதும். முடிச்சதும் தளர்த்திடணும். மூச்சுக்கூட விடமுடியாம இறுக்கி, வயித்தையும் உள்ள இழுத்துட்டு, பெரிய எடைக்குப் போனீங்கன்னா..."

"போனா என்னாகும்?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"என்கிட்ட வருவீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சேர்ந்துதான் சிரித்தார். சிரித்துக்கொண்டே சுவர்ப்பக்கம் பார்த்தவர், சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டார். சுவரோரம் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுபோயிருந்தது.

கோபம் வரும் என்று பெல்ட்டண்ணனே எதிர்பார்த்தார். வரவில்லை. முதலில் வந்தது, சொன்னால் வெட்கம், ஒரு அசட்டு சந்தோஷம். நான் இழுத்தேன். எனக்கு ஞாபகம் சரியாகத்தான் இருந்தது. முதுகோடு ஒட்டுகிற வரைக்கும் இழுத்தேன். சொன்ன பேச்சைக் கேட்டவன் நான்! அதற்குப் பின்னால்தான் அலுப்பு வந்தது. பதினோரு வருட அலுப்பும் சேர்ந்து வந்து தோளில் உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் இருந்த ஸ்டூலைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

போன முதுகு வராது. போன வேலை வராது. அதெல்லாம் வேண்டும் என்று அவர் கேட்கவும் இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மாஸ்டர் அதைத் தன் தங்கையிடம் சொல்ல வேண்டும். வராந்தாவில் சொன்னாரே, அதே மாதிரி ஒரு வாக்கியம்: சொன்ன பேச்சைக் கேட்டான், சொன்ன நான்தான் தப்பு. அது போதும்.

தானே சொல்லிப் பார்க்காமல் இல்லை. அன்று மத்தியானமே ஆரம்பித்தார். மனைவி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ஒரு டாக்டரம்மா வந்தாங்க. பெல்ட் போட்டா வயித்தை உள்ள இழுக்கக் கூடாதாம். வெளிய தள்ளணுமாம்."

"சரி."

"உங்க அண்ணன் உள்ள இழுக்கத்தானே சொன்னார்? அது தப்பாம்."

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள். "இவ்வளவு நாள் கழிச்சு இப்ப எங்க அண்ணன் தலையில கட்டப் பாக்கறீங்களா?"

"கட்டல. நான் இழுத்தேன். அவர் சொன்ன மாதிரியேதான் இழுத்தேன்."

"இழுக்கலைன்னு நீங்களே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்களே."

அதுவும் உண்மைதானே. "நான் சொன்னா நீ நம்பமாட்டே" என்று மட்டும் சொன்னார்.

"அண்ணன் சொல்லட்டும், நம்பறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

அண்ணன் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அண்ணனுக்கு வந்த கரிசனம் இருக்கிறதே, அது தனிக்கதை. திங்கட்கிழமை ஸ்டூல் போய், முதுகுக்கு மெத்தை வைத்த நாற்காலி வந்தது. செவ்வாய்க்கிழமை, "மாப்பிள்ளை, தட்டெல்லாம் நீங்க எடுக்காதீங்க, எடுத்தவங்களே வைக்கட்டும்" என்று உத்தரவு. புதன்கிழமை ஒரு வலித்தைலம். சனிக்கிழமை வீட்டுக்கே பழங்களோடு வந்து, தங்கை முன்னால் "மாப்பிள்ளை இப்ப எப்படி இருக்கீங்க?" என்று, நேற்றுத்தான் அடிபட்டவரை விசாரிப்பது போல் விசாரித்தார். அவர் போன பிறகு மனைவி, "பாத்தீங்களா, இந்த மனுஷன் மேலயா பழி போட்டீங்க?" என்று கேட்டாள். பெல்ட்டண்ணன் உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சைத் தட்டிலேயே வைத்துவிட்டார். ஒரு வார்த்தையைத் தவிர மீதி எல்லாம் வந்துகொண்டே இருந்தது.

அடுத்த வாரம், ஜிம்மில் ஆளில்லாத மத்தியான நேரத்தில், அவர் மாஸ்டர் முன்னால் போய் நின்றார். ஜிம்மில் அவர் எப்போதும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். அன்று, "மச்சான்" என்றார்.

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"என்ன வார்த்தை?"

"உங்களுக்குத் தெரியும்."

மாஸ்டர் ஒரு டம்பெல்லை இடம் மாற்றி வைத்தார். அது முன்பே சரியான இடத்தில்தான் இருந்தது. "சொல்றேன் மாப்பிள்ளை. சமயம் பாத்து சொல்றேன். அவ ஒரு மாதிரி, உங்களுக்குத் தெரியாதா? பக்குவமா சொல்லணும்" என்று மென்று முழுங்கினார். பிறகு யாரோ கூப்பிட்ட மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போன் அடிக்கவே இல்லை.

மறுநாள் ஜிம்மின் சுவர்க் கண்ணாடிக்கு மேலே ஒரு பேப்பர் ஒட்டியிருந்தது. பெரிய எழுத்தில்: மூச்சை அடிவயிற்றுக்கு இழு, பெல்ட்டை வெளியே தள்ளு. யாரோ, "மாஸ்டர், இது டாக்டரம்மா சொன்னதுதானே?" என்று கேட்டதற்கு, "அவங்க இப்ப சொல்றாங்க. நான் எந்தக் காலத்துலேர்ந்து சொல்லிட்டு இருக்கேன்" என்றார் மாஸ்டர், கொஞ்சமும் கூசாமல். கேட்டவரும் தலையாட்டினார். பெல்ட்டண்ணன் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கேட்டார். அவருக்குச் சண்டை போடத் தெம்பில்லை. சண்டை போடுவதற்கும் ஒரு முதுகு வேண்டியிருக்கிறது.

பேப்பர் ஒட்டினால் ஆயிற்றா? வருடக்கணக்கில் உள்ளே இழுத்துப் பழகிய வயிறு, ஒரு பேப்பரைப் படித்துவிட்டா வெளியே தள்ளும்? பாதிப்பேர் மாறினார்கள். பாதிப்பேர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே பழையபடி இழுத்தார்கள்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் ஓர் அம்மா ஆறு வருடமாக வருகிறவர். காலை ட்ரிப்பில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, சீருடைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, நேரே கம்பிக்குத்தான் வருவார். ஒரு வியாழக்கிழமை தோளில் தொண்ணூறு கிலோ வைத்து உட்கார்ந்து எழ வேண்டும். பெல்ட்டண்ணன் மூன்றாவது ஆணியிலிருந்த பெல்ட்டை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா கட்டினார், கம்பிக்குக் கீழே புகுந்தார், மூச்சை இழுத்தார். கூடவே வயிறும் உள்ளே போனது. பெல்ட்டண்ணன் அதைப் பார்த்துவிட்டார். சொல்வதற்குள் அவர் இறங்கிவிட்டார்.

அடியில் போனதும் கம்பி ஒரு பக்கம் சாய்ந்தது. முதுகு வளைய ஆரம்பித்தது. அந்த வளைவு எப்படி ஆரம்பிக்கும், எங்கே போய் நிற்கும் என்று அந்த அறையில் ஒருவருக்குத்தான் உடம்போடு தெரியும். நாற்காலியிலிருந்து எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

"உள்ள இழுக்காதீங்க! வெளிய தள்ளுங்க! பெல்ட்டை முட்டுங்க!"

பக்கத்திலிருந்த இரண்டு பேர் பாய்ந்து கம்பியை இரண்டு முனையிலும் பிடித்தார்கள். மேலே ஏற்றித் தாங்கியில் வைத்தார்கள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்பைத் தடவிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். பெல்ட்டண்ணனுக்குத்தான், எழுந்த வேகத்தில் இடது காலில் கீழ்வரை மின்சாரம் ஓடியது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கண்ணாடிப் பக்கமிருந்து மாஸ்டர் ஓடிவந்தார். பயந்துபோயிருந்தார். பயம் வந்தால் அவருக்குக் கத்தத்தான் வரும்.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன், வெளிய தள்ளணும்னு! தொண்டை கிழியக் கத்தறேன், காதுலயே வாங்கறதில்ல!"

பெல்ட்டண்ணன் திரும்பிப் பார்த்தார். அதே வார்த்தை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னதேதான்.

பேருந்து அம்மா சும்மா கேட்டுக்கொள்கிற ஆள் இல்லை. அறுபது பிள்ளைகளைத் தினமும் கத்தி அடக்குகிறவர். "மாஸ்டர், நில்லுங்க. ஆறு வருஷமா உள்ள இழு, முதுகோட ஒட்டுன்னு சொன்னது யாரு?"

"நான் எப்பம்மா அப்படி சொன்னேன்?"

"நீங்க சொல்லலையா?" அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் தட்டையும் கம்பியையும் பார்த்தார்கள். கடைசியில் தூண்பக்கம் திரும்பினார். "பெல்ட்டண்ணா, நீங்கதான் எல்லாருக்கும் மூத்தவர். நீங்க சொல்லுங்க. இவர் என்ன சொல்லிக்கொடுத்தார்?"

பெல்ட்டண்ணன் மாஸ்டரைப் பார்த்தார். சாயம் பூசிய முடிக்குக் கீழே காதோரம் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. தோளெல்லாம் தொங்கிப்போய்விட்டது. எப்போது இந்த ஆளுக்கு இவ்வளவு வயதானது? நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கலாம். கேட்க ஆசையும் இருந்தது. ஆனால் எல்லோர் முன்னாலும் இந்த மனுஷனை அவமானப்படுத்துவதால் வீட்டில் இருக்கிறவளுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

"மாஸ்டர் என்ன சொன்னாரோ, அதைத்தான் நான் செஞ்சேன்" என்றார். "அன்னிக்கும்."

மற்றவர்களுக்கு அந்த 'அன்னிக்கும்' புரியவில்லை. மாஸ்டருக்குப் புரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை. பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார். பிறகு பேருந்து அம்மாவிடம், "நான்தான் சொன்னேன்மா. தப்பா சொல்லிக்கொடுத்துட்டேன்" என்றார். பெல்ட்டண்ணன் அந்த அம்மா கழற்றிப் போட்டிருந்த மூன்றாம் பெல்ட்டைக் காட்ட, யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். அதைத் துடைத்து மாட்டினார்.

அன்று சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். கையில் பழம் இல்லை. தங்கை அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து, கால் இரண்டையும் நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"வா அண்ணா. உக்காரு, டீ போடறேன்."

"டீ வேணாம். நீ எந்திரிக்காதே." அவர் உட்காரவில்லை. கதவுநிலையைப் பிடித்தபடி நின்றார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மாப்பிள்ளை அன்னிக்கு நான் சொன்ன மாதிரியேதான் செஞ்சார். வயித்தை உள்ள இழுன்னேன், இழுத்தார். நான் சொன்னதுதான் தப்பு. பெல்ட்டை அப்படிக் கட்டினதும் நான்தான். அவர் மேல ஒரு தப்பும் இல்ல. ஆஸ்பத்திரியில நான் உன்கிட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

அவள் கணவனைப் பார்த்தாள். "இவர் சொல்லச் சொன்னாரா?"

"கேட்டார். கேட்டதுக்கு ஓடி ஒளிஞ்சேன். அந்த டாக்டரம்மா சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும்மா. மூணு வாரமாச்சு. வாய் வரல."

"அன்னிக்கு வேணும்னேயா மாத்திச் சொன்னே?"

"இல்லம்மா, சத்தியமா இல்ல. அப்ப எனக்கே தெரியாது." மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னை ஏதாவது கேளு. திட்டவாவது செய்."

அவள் திட்டவில்லை. நீட்டியிருந்த கால்களை மடக்கிக்கொண்டாள். "நீ போயிட்டு வா அண்ணா" என்றாள். அவர் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் தோளைத் தொட வந்து, தொடாமலே படியிறங்கிப் போய்விட்டார்.

இதற்குத்தான் பெல்ட்டண்ணன் காத்திருந்தார். இப்போது ஏதாவது வரவேண்டும், ஒரு நிம்மதியோ, ஒரு பெருமூச்சோ, ஜெயித்த மாதிரி ஏதாவது. ஒன்றும் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவளின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அவள் எதையோ பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போவது தெரிந்தது.

கீழே குழாய் இரைய ஆரம்பித்தது.

"தண்ணி வந்துடுச்சு" என்றார்.

"கேக்குது."

அவள் எழவில்லை. "செவிடுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் யார் எண்ணினா?"

"ஒரு தடவையாவது, அண்ணன் சொன்னபடிதான் செஞ்சேன்னு சொல்லியிருக்கலாம்ல, அன்னிக்கே?"

"எனக்கே சந்தேகமா போச்சு."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, யாரிடமோ வழி கேட்பது போல சாதாரணமாகக் கேட்டாள்: "இனிமே யாரைத் திட்டிட்டு நான் படியேறுறது?"

"என்னையே திட்டு" என்றார் பெல்ட்டண்ணன். "எனக்குப் பழகிப்போச்சு."

அவளுக்குச் சிரிப்பு வருவது மாதிரி உதடு அசைந்தது. வரவில்லை. கையை ஊன்றி எழுந்து, காலி கேன் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

கேன் நிறைகிற சத்தம் கேட்டது. மூடியைத் திருகுவது கேட்டது. பிறகு அவள் படியேறுவது. செருப்பு தேய்கிறது, கேன் படியில் இடிக்கிறது, மூச்சு வாங்குகிறது. வேறு ஒரு வார்த்தை இல்லை. மூச்சு வாங்குவது இவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று அவருக்குத் தெரியாது. முதல் மாடிக்கு வந்ததும் கேனைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. அவள் அங்கே நின்றதே கிடையாது. மேலே வருவாள் என்று காத்திருந்தார். வரவில்லை.

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். கேன் பக்கத்தில் இருந்தது. இரண்டு உள்ளங்கையையும் மடியில் மலர்த்தி வைத்திருந்தாள். பிடியின் தடம் இரண்டிலும் சிவப்பாகப் பதிந்திருந்தது. இதுவரை அவர் அந்தக் கைகளைப் பார்த்தது எல்லாம் கேனை இறக்கிய பிறகு, இடுப்பில் ஊன்றித் திட்டும்போதுதான்.

"என்னாச்சு?" என்றார்.

"ரொம்ப கனமா இருக்குங்க" என்றாள்.

எத்தனையோ சொல்லியிருக்கிறாள். இதைச் சொன்னதே இல்லை. பெல்ட்டண்ணன் கேனைப் பார்த்தார். அதைத் தூக்க அவரால் முடியாது. அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.